தெருவிளக்கு பிறந்த கதை

அன்னூர் நால்ரோட்டிலிருந்து வடக்கே போகும் சாலையைப் பிடித்தால் புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டி, திம்பம் மலை ஏறி, சாமராஜநகர், கொள்ளேகால், மளவள்ளி வழியாகப் பெங்களூர் போய்ச் சேரலாம். கொள்ளேகாலுக்கும் மளவள்ளிக்கும் நடுவில் காவிரி குறுக்கிடுகிறது. அந்தப் பக்கத்தில்தான் சிவசமுத்திரம் அருவி. அதே நால்ரோட்டில் மேட்டுப்பாளையம் பக்கம் திரும்பினால் எதிரே நீலகிரி மலை. அதன் வடக்குச் சரிவில், மசினகுடிக்குப் பக்கத்தில், பைக்காரா தண்ணீர் இறங்கும் சிங்காரா மின்நிலையம். தெற்கே ஊர் ஊராக மின்வெளிச்சம் பரவியதற்குக் காரணமான இரண்டு நீர்வீழ்ச்சிகளுக்கும் போகும் சாலைகள் பிரிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர்.

தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்தால் கரண்ட் கிடைக்கும். அதை வெளிச்சமாக மாற்றுவது வேறு வேலை. அந்த வேலைக்கு நூறு ஆண்டுக்கும் மேல் ஆயிற்று. அதில் பெரும்பகுதி நடந்தது கம்பெனிகளின் ஆராய்ச்சிக் கூடங்களில். செய்தவர்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த வேதியியலாளர்களும் இயற்பியலாளர்களும். பள்ளிக்கூடத்தில் நாம் எடிசன் பெயரோடு நிறுத்திக்கொண்டோம். தெருவிளக்கின் கதையில் எடிசன் முதல் அத்தியாயம் மட்டுமே.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஊர்களில் தெருவிளக்குக்காக யாரும் கரண்ட் கொண்டுவரவில்லை. தங்கச் சுரங்கத்துக்கு, பஞ்சாலைக்கு, கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வந்தது. மிச்சத்தில் தெரு வெளிச்சம் பெற்றது. இன்று இரவு நம் கம்பத்தில் எரியும் விளக்கின் நல்லது கெட்டது இரண்டுக்கும் இந்தப் பிறப்புதான் காரணம் என்பது என் கருத்து.

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி சர் டி. முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தவர் என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அவர் 1832-இல் பிறந்தவர். அவர் பையனாக இருந்தபோது தெருவில் எரிந்தது எண்ணெய் விளக்கு. ஆள் ஏணி வைத்து ஏறி, திரி தூண்டி, எண்ணெய் ஊற்றி ஏற்றிவிட்டுப் போக வேண்டும். லண்டனில் 1807-இலேயே பால் மால் தெருவில் நிலக்கரி வாயு விளக்கு எரிந்தது. 1878-இல் பாரிஸில் ரஷ்யரான யாப்லோச்கோவ் செய்த மின்வில் விளக்குகள் அவென்யூ த லோப்பேரா தெருவைப் பகலாக்கின. கல்கத்தாவில் பி.டபிள்யூ. ஃப்ளூரி கம்பெனி 1879-இலேயே மின்விளக்கை எரிய வைத்துக் காட்டிவிட்டது. மின்வில் விளக்கு என்பது இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே தாவும் மின்பொறி. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், சீறும் சத்தம், தேய்ந்துகொண்டே போகும் கரி. தினமும் ஆள் போய்க் கரியை மாற்ற வேண்டும். சதுக்கத்துக்கும் துறைமுகத்துக்கும் அது ஏற்றது. குடித்தனத் தெருவுக்கு ஆகாது.

எடிசன் 1876-இல் நியூஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க்கில் கட்டிய கூடத்தைத்தான் அவருடைய முதல் பெரிய கண்டுபிடிப்பாக நான் எண்ணுகிறேன். கண்ணாடி ஊதுபவர், கணக்குப் போடுபவர், வேதியியல் தெரிந்தவர், இரும்பு வேலைக்காரர் என்று பலரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து, விற்கத் தகுந்த பொருளை வேண்டும் என்றே கண்டுபிடிக்கும் இடம் அது. மின்சாரம் ஓடிச் சூடாகி ஒளிரும் இழைக்கு ஏற்ற பொருளைத் தேடி ஆயிரக்கணக்கான தாவர நார்களைக் கரியாக்கிச் சோதித்தார்கள். கடைசியில் நிலைத்து நின்றது மூங்கில். அதற்காகவே ஆளனுப்பி ஜப்பானில் கியோத்தோ அருகே யவாட்டா என்ற ஊரின் மூங்கிலை வரவழைத்தார்கள். அந்த இழை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் ஓடத் தொடங்கியது.

கரி இழையின் குறை ஒன்றுதான். ஆனால் பெரிய குறை. விளக்கு வெளிவிடும் ஒளியின் அளவை லூமன் என்கிறோம். கரி இழை ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 3 லூமன்தான் கொடுத்தது. மீதி எல்லாம் வெறும் சூடு. இழையை இன்னும் சூடாக்கினால் ஒளி கூடும். ஆனால் கரி ஆவியாகி அறுந்துபோகும்.

1894-இல் எடிசனின் விளக்குக் காப்புரிமை அமெரிக்காவில் முடிந்தது. யார் வேண்டுமானாலும் பல்பு செய்யலாம் என்று ஆனது. ஐரோப்பாவிலோ புது விளக்குகள் வரத் தொடங்கியிருந்தன. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்குப் பயம் பிடித்தது. 1900-இல் ஸ்கெனக்டடி என்ற ஊரில், கணித மேதை சார்ல்ஸ் ஸ்டைன்மெட்ஸின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கொட்டகையில், தன் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கியது. வில்லிஸ் விட்னி என்ற வேதியியல் ஆசிரியர் அதன் தலைவர். தொழிற்சாலையை அன்றாடம் ஓட்டும் வேலையிலிருந்து விலக்கி, விஞ்ஞானிகளுக்குச் சம்பளம் கொடுத்து, "காரணம் என்ன என்று பார்" என்று உட்கார வைத்த முன்னோடிக் கூடங்களில் அது ஒன்று. சந்தையை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் பிறந்த கூடம்தான். ஆனாலும் அங்கே நடந்தது உண்மையான அறிவியல்.

டங்ஸ்டன் உலோகம் உருகுவதற்கு 3,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். இழைக்கு அதைவிடப் பொருத்தமான உலோகம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது நொறுங்கும். கம்பியாக இழுக்க வராது. ஐரோப்பாவில் டங்ஸ்டன் தூளைப் பசையோடு பிசைந்து இழையாக்கி விற்றார்கள், தட்டினால் உடைந்தது. வில்லியம் கூலிட்ஜ் 1905-இல் ஸ்கெனக்டடி வந்து பல ஆண்டுகள் இந்த ஒரே பிரச்சினையோடு மல்லுக்கு நின்றார். கெட்டிப்படுத்திய தூள்கட்டியைச் சூட்டிலேயே சுத்தியலால் அடித்து அடித்து நீட்டி, சூட்டைப் படிப்படியாகக் குறைத்து, துளைகளின் வழியே இழுத்தபோது, மற்ற உலோகங்களுக்கு நேர் எதிராக, டங்ஸ்டன் வேலை செய்யச் செய்ய இளகிக் கொடுத்தது. 1910 வாக்கில் முடியைப் போல மெல்லிய, வளைத்தாலும் உடையாத டங்ஸ்டன் கம்பி கைக்கு வந்தது. நம் வீட்டுக் குண்டு பல்பில் பல தலைமுறைகள் எரிந்தது இந்தக் கம்பிதான்.

அடுத்து வந்தவர் இர்விங் லாங்மியூர். 1909-இல் சேர்ந்தார். விட்னி அவரிடம் குறிப்பிட்ட வேலை எதையும் திணிக்கவில்லை. பல்பின் உட்புறம் நாளடைவில் கறுத்துப் போவது ஏன் என்ற கேள்வியை அவரே எடுத்துக்கொண்டார். உள்ளே மிச்சமிருக்கும் காற்றுதான் காரணம், இன்னும் நன்றாக உறிஞ்சி வெற்றிடமாக்கினால் சரியாகிவிடும் என்பது தொழிற்சாலையின் நம்பிக்கை. லாங்மியூர் நேர் எதிர்த் திசையில் போனார். ஒவ்வொரு வாயுவாக வேண்டும் என்றே உள்ளே விட்டுப் பார்த்தார். தண்ணீராவி துளி இருந்தாலும் அது இழையிலிருந்து டங்ஸ்டனைச் சுமந்துபோய்க் கண்ணாடியில் ஒட்ட வைத்துவிட்டு, மறுபடி இழைக்கே திரும்புகிறது என்று கண்டார். தண்ணீராவியே இல்லாவிட்டாலும் சூட்டில் டங்ஸ்டன் தானாக ஆவியாகிறது என்றும் கண்டார். அப்படியானால் வெற்றிடம் கூடாது. நைட்ரஜன் போன்ற வாயுவை அடைத்து அந்த ஆவியாதலைத் தடுக்க வேண்டும். ஆனால் வாயு இழையைக் குளிர வைத்துவிடும். அதற்கு இழையை நெருக்கமான சுருளாகச் சுற்றினால் சூடு அவ்வளவாகப் போகாது என்பதும் அவருடைய அளவீட்டிலேயே கிடைத்தது. 1913-இல் வாயு அடைத்த சுருள்இழை விளக்கு வந்தது. பெரிய வாட் பல்புகளுக்குத்தான் அது முதலில் பொருந்தியது. அதனால் அது முதலில் பிடித்த இடம் வீடு அல்ல, தெரு. சீறிக்கொண்டிருந்த மின்வில் விளக்குகள் ஊர் ஊராகக் கீழே இறங்கின.

இந்த இடத்தில் நான் நின்று நிதானிக்கக் காரணம் உண்டு. "பல்பை நன்றாகச் செய்" என்று யாராவது லாங்மியூருக்குக் கட்டளை இட்டிருந்தால் அவரும் வெற்றிடத்தைத்தான் கூட்டிக்கொண்டிருப்பார். கறுப்பு ஏன் என்ற கேள்வியின் பின்னால் போக ஒரு கம்பெனி அனுமதித்தது. அதன் பலன் உலகத்தின் தெருக்களுக்குக் கிடைத்தது.

இங்கே நம் பக்கம் வருவோம். மைசூர் சமஸ்தானத்தின் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய சிவசமுத்திரம் மின்நிலையம் 1902-இல் ஓடத் தொடங்கியது. அந்தக் கரண்ட் போனது பெங்களூருக்கு அல்ல. சுமார் 147 கிலோமீட்டர் தள்ளி, கோலார் தங்கவயலுக்கு. அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுபோவது அன்று பெரிய சாதனை. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து போன ஆயிரக்கணக்கான கூலிக் குடும்பங்கள் தங்கம் வெட்டிய அந்தச் சுரங்கத்துக்குத்தான் முதல் உரிமை. மூன்று ஆண்டு கழித்து, 1905 ஆகஸ்ட் 5 அன்று, பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது.

பைக்காராவும் அப்படியே. சென்னை அரசு 1927-இல் மின்துறையைத் தனியாக அமைத்தது. சட்ட உறுப்பினராக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர் இந்தத் திட்டத்தை விடாமல் தள்ளினார்; மின்துறையின் தலைமைப் பொறியாளர் எச்.ஜி. ஹோவர்ட் அதைக் கட்டி எழுப்பினார். மலைமேலே தேங்கும் தண்ணீரைக் குழாயில் 3,000 அடிக்கும் மேல் கீழே இறக்கிச் சக்கரத்தின் மேல் பீய்ச்சும் நிலையம். உலகத்தின் மிக உயரமான நீர்வீழ்ச்சி நிலையங்களில் ஒன்றாக அன்று பேசப்பட்டது. 1932-இல் கரண்ட் வந்தது. கோயம்புத்தூரில் 1888-லிருந்தே ஸ்டேன்ஸ் மில் ஓடிக்கொண்டிருந்தது, நீராவியில். பைக்காரா கரண்ட் வந்த பிறகுதான் மில்கள் அடுத்தடுத்து முளைத்தன.

1932 என்ற ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே ஆண்டு நெதர்லாந்தில் பேக் என்ற ஊருக்கும் ஹெலேன் என்ற ஊருக்கும் இடையிலான சாலையில் ஃபிலிப்ஸ் கம்பெனி உலகின் முதல் சோடியம் விளக்குச் சாலையை அமைத்தது. அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம் 1914-லிருந்து இயங்கி வந்தது. சோடியம் ஆவி சாதாரணக் கண்ணாடியைக் கறுக்க வைத்துவிடும். அதைத் தாங்கும் தனிவகைக் கண்ணாடி கிடைத்த பிறகே அந்த மஞ்சள் வெளிச்சம் சாத்தியமாயிற்று. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஜி.ஈ.சி. கம்பெனி, தன் வெம்பிளி ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பக்கத்துச் சாலையில் உயர் அழுத்தப் பாதரச விளக்கை, நாம் மெர்குரி லைட் என்பதை, ஏற்றி வைத்தது. அதே ஆண்டு லாங்மியூருக்கு வேதியியல் நோபல் பரிசு. கல்கத்தாவில் பெங்கால் லேம்ப் கம்பெனி பிறந்ததும் அதே ஆண்டில். நம் மலையிலிருந்து கரண்ட் இறங்கி வந்த நேரத்தில்தான் தெருவிளக்கு இழையை விட்டுவிட்டு ஆவிக்கு மாறத் தொடங்கியது.

பைக்காரா கரண்ட் கொங்கு நாட்டில் என்ன ஆராய்ச்சியைக் கிளப்பிவிட்டது? விளக்கு ஆராய்ச்சியை அல்ல. எங்கள் பூமி மேட்டு நிலம், கிணறுதான் கதி. எருது கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த குடியானவனுக்குக் கரண்ட் என்றால் மோட்டார். சூலூருக்குப் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் கோவையில் மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் பம்புகள் செய்தது. பட்டறைக்குப் பட்டறை வார்ப்பும் கடைசலும் சுற்றுக்கம்பியும் என்று சோதனை நடந்தது. ஸ்கெனக்டடியில் பல்புக்கு நடந்தது இங்கே பம்புசெட்டுக்கு நடந்தது என்று சொன்னால் அது மிகை ஆகாது. தண்ணீர் இல்லாத ஊரில் மூளை தண்ணீரைத் தேடித்தான் போகும். விளக்கு வெளியூர் சரக்காகவே வந்தது.

அதனால் தெருவிளக்கு இங்கே எப்போதும் விருந்தாளிதான். மோட்டாருக்கும் வீட்டுக்கும் கம்பி இழுத்தார்கள்; அந்தக் கம்பத்தில் ஒரு விளக்கையும் மாட்டினார்கள். பெரும்பாலும் கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு பஞ்சாயத்துடையது. முதலில் குண்டு பல்பு. பிறகு நாற்பது வாட் டியூப்லைட். 1938-இல் ஜெனரல் எலக்ட்ரிக் விற்பனைக்குக் கொண்டுவந்த டியூப்லைட் அங்கே அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் செய்யப்பட்டது; இங்கே அது கிராமத் தெருவின் விளக்காயிற்று. சுற்றுவட்டாரத்தில் மோட்டார்கள் சேர்ந்து ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் சோக்கும் ஸ்டார்ட்டரும் டியூப்பைப் பிடிக்காது. இரண்டு முனையும் சிவந்து, மினுக் மினுக்கென்று துடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் அந்த மினுக்கலின் கீழ் நடந்தவர்கள்தாம்.

வெம்பிளிக்குத் திரும்ப வேண்டும். தெருவிளக்கின் கதையில் மிகக் குறைவாகச் சொல்லப்பட்ட பகுதி அங்கேதான் இருக்கிறது. ஜி.ஈ.சி. ஆராய்ச்சிக் கூடம் 1919-இல் தொடங்கி, 1923-இல் வெம்பிளியில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. தலைவர் கிளிஃபர்ட் பேட்டர்சன். அவருக்குக் கீழே ஜே.எம். வால்ட்ராம் என்ற பொறியாளர். எல்லோரும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வால்ட்ராம் சாலையைப் பார்த்தார்.

இரவுச் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு எதிரே போகும் ஆள் எப்படித் தெரிகிறார்? ஆள் மேல் வெளிச்சம் விழுந்து அவர் முகமும் சட்டையும் தெரிவதால் என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அப்படி அல்ல. தூரத்து விளக்கின் ஒளி சாலைப் பரப்பில் சாய்வாகப் பட்டு, ஓட்டுபவர் கண்ணுக்குத் தெறிக்கிறது. அதனால் சாலை வெளுத்துத் தெரிகிறது. அந்த வெளுப்பின் முன்னால் ஆள் கறுப்பு நிழலுருவாகத் தெரிகிறார். தெருவிளக்கின் வேலை ஆளுக்கு வெளிச்சம் போடுவதல்ல. ஆளுக்குப் பின்னால் இருக்கும் சாலையை வெளுப்பாக்குவது. ஒவ்வொரு விளக்கும் ஓட்டுபவர் பார்வையில் சாலைமேல் ஆங்கில T எழுத்தைப் போன்ற ஓர் ஒளித்திட்டை விரிக்கிறது. அதன் வால் பார்ப்பவரை நோக்கி நீள்கிறது. இந்தத் திட்டுகள் ஒன்றை ஒன்று தொட்டு, இடைவெளி இல்லாமல் சாலையை மூட வேண்டும். தொடாத இடத்தில் கறுப்புப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் நிற்கும் ஆள், கறுப்பின் முன்னால் கறுப்பாக, மறைந்து போவார். மழை பெய்து சாலை நனைந்தால் திட்டு அகலம் குறுகி வால் மட்டும் பளபளக்கும். பக்கவாட்டில் கறுப்பு பெருகும். மழை ராத்திரியில் விளக்கு எரிந்தும் கண் தெரியாமல் போவது இதனால்தான்.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளின் அடிப்படையில் இங்கிலாந்தின் போக்குவரத்து அமைச்சகக் குழு 1937-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. போக்குவரத்துச் சாலைகளை ஏ வகை என்றும் மற்றவற்றை பி வகை என்றும் பிரித்தது. ஏ வகைச் சாலையில் விளக்கு 25 அடி உயரத்தில் இருக்க வேண்டும், விளக்குக்கு விளக்கு 150 அடிக்கு மேல் போகக் கூடாது என்றது. அதாவது உயரத்தைப் போல் ஆறு மடங்கு. அதற்கு மேல் இடைவெளி விட்டால் திட்டுகள் தொடாது. நம் நாட்டிலும் தெருவிளக்குக்குத் தர விதி இருக்கிறது. இந்திய தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1944. அதிலும் சாலைகள் ஏ, பி என்றே பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் ஒளியை லக்ஸ் என்று அளக்கிறோம். மிக முக்கியமான சாலைக்குச் சராசரி 30 லக்ஸ், அடுத்ததற்கு 15; இரண்டாம் நிலைச் சாலைகளுக்கு 8, அவற்றில் நடமாட்டம் குறைந்ததற்கு 4. சராசரி இருந்தால் மட்டும் போதாது. ஏ வகைச் சாலையில் மிகவும் இருட்டான இடத்திலும் சராசரியில் பத்தில் நான்கு பங்கு வெளிச்சமாவது இருக்க வேண்டும். அந்தக் கறுப்புப் பள்ளத்தை அடைப்பதற்கான விதி அது.

இனி நம் சாலையைப் பாருங்கள். கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு தூரம் என்பதை இங்கே முடிவு செய்தது வெளிச்சம் அல்ல, கம்பியின் தொய்வு. விளக்கைக் கம்பிக்குக் கீழே இறக்கித்தான் மாட்ட முடியும். உயரம் குறைந்தால் இடைவெளியும் குறைய வேண்டும், கம்பமோ நகராது. சில இடங்களில் ஒன்று விட்டு ஒரு கம்பத்தில்தான் விளக்கு. தாருக்கோ கறுப்பு நிறம். ஒளியைக் குடித்துவிட்டுக் கொஞ்சமாகத்தான் திருப்பித் தரும். விருந்தாளியாக வந்த விளக்கு, கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அன்னூரிலிருந்து அவிநாசி பக்கமோ சத்தி பக்கமோ இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது அனுபவத்தில் தெரியும்.

டியூப்லைட்டுக்குப் பிறகு நெடுஞ்சாலைகளில் வந்த பொன்மஞ்சள் சோடியம் விளக்கும் ஸ்கெனக்டடி ஆராய்ச்சியின் பிள்ளைதான். அழுத்தம் கூட்டினால் சோடியம் வெளிச்சத்தின் நிறம் நன்றாக வரும். ஆனால் எந்தக் கண்ணாடியும் அந்தச் சூட்டையும் ஆவியையும் தாங்காது. ஜெனரல் எலக்ட்ரிக்கின் ராபர்ட் கோபிள் 1950-களில் அலுமினா என்ற பீங்கானைத் துளைகள் இல்லாமல் சுட்டு, ஒளி ஊடுருவும்படி செய்தார். 1960-களில் அந்தப் பீங்கான் குழாய்க்குள் சோடியம் எரிந்தது. வாட்டுக்கு 100 லூமன் எட்டியது.

எல்.இ.டி. வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளை வெளிச்சத்துக்கு நீல எல்.இ.டி. வேண்டும், அது மட்டும் பிடிபடவில்லை. ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் அகாசாகியும் அமானோவும் கேலியம் நைட்ரைடு படிகத்தை வளர்க்கப் பல ஆண்டு போராடி வழி திறந்தார்கள். அதைக் கடையில் விற்கும் பொருளாக்கியது டோக்கியோவின் பெரிய கம்பெனி அல்ல. ஷிகோகு தீவில் அனான் என்ற சிறு நகரத்தில் இருக்கும் நிச்சியா. டியூப்லைட்டின் உட்புறம் பூசும் ஒளிர்பொடி செய்துகொண்டிருந்த கம்பெனி அது. அங்கே 1979-இல் வேலைக்குச் சேர்ந்த ஷுஜி நகமுரா நீல எல்.இ.டி. மேல் இறங்குகிறேன் என்று கேட்டபோது, கம்பெனியைத் தொடங்கிய நோபுவோ ஒகாவா பணம் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த நிர்வாகம் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லியது; நகமுரா நிறுத்தவில்லை. 1993-இல் பளிச்சென்ற நீல எல்.இ.டி. வெளிவந்தது. சில ஆண்டுகளில் அதன் மேல் மஞ்சள் ஒளிர்பொடியைப் பூசி வெள்ளையாக்கினார்கள். பழைய தொழிலின் பொடியே புதிய விளக்குக்குக் கை கொடுத்தது. அந்தக் கண்டுபிடிப்புக்குக் கம்பெனி கொடுத்த வெகுமதி 20,000 யென். வழக்கு நடந்து 2005-இல் 84 கோடி யென் கொடுத்துச் சமரசம் ஆனது. 2014-இல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு.

அனானைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பட்டறை ஊர்கள் நினைவுக்கு வரும். பெரிய நகரம் தேவை இல்லை. கையில் ஒரு தொழில், பணம் போட ஒரு முதலாளி, ஏன் என்று கேட்கும் ஓர் ஆள், அவரைச் சில ஆண்டு தொந்தரவு செய்யாத பொறுமை. இவை கொங்கு நாட்டில் இல்லாதவை அல்ல.

2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தின் தெருவிளக்குகளைச் சாய்த்தது. அதன் பிறகு அந்த நகரம் சுமார் 90 ஆயிரம் விளக்குகளை எல்.இ.டி. ஆக்கியது. 2015 ஜனவரி 5 அன்று தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது. நாடு முழுவதும் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் அதன்கீழ் மாற்றப்பட்டிருக்கின்றன. பஞ்சாயத்துகளின் கரண்ட் பில் குறைந்தது. வோல்டேஜ் இறங்கினாலும் எல்.இ.டி. மினுக்குவதில்லை. இது பெரிய லாபம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் மாற்றியது பல்பைத்தான். கம்பத்தின் உயரம், இடைவெளி, ஒளி விழும் கோணம் எதுவும் மாறவில்லை. எல்.இ.டி. சின்னப் புள்ளியிலிருந்து அடர்த்தியாக ஒளி விடும். சரியான மூடியும் லென்ஸும் இல்லாவிட்டால் சாலையை விட்டுவிட்டு எதிரே வருபவர் கண்ணில் குத்தும். கண் கூசினால் கண்மணி சுருங்கும். சுருங்கினால் கம்பங்களுக்கு நடுவிலிருக்கும் பள்ளம் இன்னும் கறுப்பாகும். அடியில் வெள்ளைவெளேர், நடுவில் குருட்டிருட்டு. பழைய டியூப்லைட் காலத்தைவிட வாட்டுக்குப் பல மடங்கு ஒளி கிடைத்தும், நடந்து போகும் பெண்ணுக்கும் சைக்கிளில் வரும் பையனுக்கும் ஆபத்து குறையவில்லை என்றால், நூறு ஆண்டு ஆராய்ச்சியின் பாதிதான் நம் ஊருக்கு வந்திருக்கிறது. ஸ்கெனக்டடியும் அனானும் வந்துவிட்டன. வெம்பிளி இன்னும் வரவில்லை.

"லைட்டு எரியுதுங்களா?" "எரியுதுங்க." நம் ஊர்களில் தெருவிளக்குக்கு இதுவரை இருக்கும் அளவுகோல் இவ்வளவுதான். லக்ஸ் மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கோவையைச் சுற்றி எத்தனையோ பொறியியல் கல்லூரிகள். இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் ஒரு வாரம் உட்கார்ந்தால் அன்னூரின் நான்கு சாலைகளையும் அளந்து வரைபடமாகக் கொடுத்துவிட முடியும். கிராம சபையிலோ வார்டுக் கூட்டத்திலோ அடுத்த முறை தெருவிளக்குப் பேச்சு வரும்போது, எத்தனை விளக்கு என்று கேட்காதீர்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே, இருட்டு அதிகமான இடத்தில், எத்தனை லக்ஸ் என்று கேளுங்கள்; அந்த எண்ணைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.